முதல் நர்ஸ் வேலைக்குக் கிராமப் பக்கம்: மிஷன் ஆஸ்பத்திரியா, பி.எச்.சி.யா, துணை சுகாதார நிலையமா?

பி.எஸ்சி. நர்சிங்கோ ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோவோ முடித்துவிட்டுச் சென்னை, கோவை ஆஸ்பத்திரிகளில் ஏறி இறங்குபவர்கள் முதலில் எதிர்கொள்வது "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்ற கேள்வியைத்தான். புதியவரை எடுத்தாலும் பயிற்சிக் காலச் சம்பளம், இடையில் விலகமாட்டேன் என்ற பாண்டு, ஹாஸ்டல் பிடித்தம் எல்லாம் போகக் கையில் நிற்பது சொற்பம். அதனால்தான் பலர் கிராமப் பக்கம் திரும்புகிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் கிராமத்து நர்ஸ் வேலை எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. தமிழ்நாட்டில் புதியவருக்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு: மிஷன் அல்லது அறக்கட்டளை ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையம் (பி.எச்.சி.), துணை சுகாதார நிலையத்தில் எம்.எல்.எச்.பி. எனப்படும் இடைநிலை சுகாதாரப் பணியாளர் பணி.

இவற்றைச் சம்பளத்தை வைத்து எடை போடாதீர்கள். இரண்டே விஷயங்களைக் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பக்கத்தில் ஒரு மூத்த நர்ஸ் இருப்பாரா? நாளை தரப்போகும் அனுபவச் சான்றிதழில் எத்தனை படுக்கை என்று எழுதித் தருவார்கள்?

இரண்டாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் பணிக்கான நார்செட் தேர்வை ஜி.என்.எம். முடித்தவர் எழுத வேண்டுமானால், குறைந்தது 50 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் 2 ஆண்டு அனுபவம் வேண்டும். பி.எஸ்சி. முடித்தவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. வளைகுடா நாடுகளுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிகளும் படுக்கை எண்ணிக்கையைக் கேட்பது வழக்கம். சாதாரண பி.எச்.சி.யில் ஆறு படுக்கை, தரம் உயர்த்தப்பட்ட வட்டார நிலையத்தில் 30. அங்கே எத்தனை பிரசவம் பார்த்திருந்தாலும் அந்த 2 ஆண்டு நார்செட்டில் கணக்கில் வராது. ஜி.என்.எம். படித்து மத்திய அரசு வேலையையோ வெளிநாட்டையோ மனதில் வைத்திருப்பவர், பி.எச்.சி. ஆர்டரை வாங்குமுன் இதை யோசித்தே ஆக வேண்டும்.

மிஷன், அறக்கட்டளை ஆஸ்பத்திரிகள்

ஒட்டன்சத்திரம் கிறிஸ்டியன் பெல்லோஷிப் ஆஸ்பத்திரி, கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரி, தர்மபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே உள்ள சிட்டிலிங்கி பழங்குடி ஆஸ்பத்திரி போன்றவை இந்த வகை. அளவில் ஒன்றுக்கொன்று வெகு தூரம். அதனால் படுக்கை எண்ணிக்கையை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாகச் சம்பளம் அரசுத் தொகுப்பூதியத்தைவிடக் குறைவு. தங்குமிடமும் மெஸ்ஸும் பெரும்பாலும் வளாகத்துக்குள்ளேயே கிடைத்துவிடும்.

கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரே வாரத்தில் லேபர் ரூம், தியேட்டர், குழந்தைகள் வார்டு, விஷம் குடித்து வந்தவர் என்று எல்லாவற்றையும் பார்ப்பீர்கள். நகரத்தில் ஒரே ஐ.சி.யூ.வில் ஓராண்டு நின்றாலும் இந்த வீச்சு கிடைக்காது. கை நடுங்கும்போது வார்டு சிஸ்டர் பக்கத்தில் இருப்பார். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆள் குறைந்தால் டபுள் டியூட்டி விழும், வார விடுப்பு தள்ளிப்போகும். சேருமுன் இரவு ஷிப்டில் ஒரு வார்டுக்கு எத்தனை நர்ஸ் என்று கேளுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை எங்கேயும் கொடுத்துவைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டிவிட்டு நகலைக் கொடுத்தால் போதும்.

ஆரம்ப சுகாதார நிலையம்

இங்கே வாசல் இரண்டு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) நடத்தும் மாநிலத் தேர்வு ஒன்று. 2 ஆண்டு தொகுப்பூதியம், அதன்பின் காலியிடம் வரவர நிரந்தரம். அந்த 2 ஆண்டு பல வருடங்களாக நீண்டு, நர்ஸ்கள் தெருவில் இறங்கிப் போராடிய வரலாறும் சேர்ந்ததுதான் இந்த வாசல். மற்றொன்று மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் 11 மாத ஒப்பந்தம். இது நிரந்தரமாகாது என்று அறிவிக்கையிலேயே போட்டிருப்பார்கள், கையெழுத்தும் வாங்குவார்கள். அண்மை ஆண்டுகளில் இரண்டுக்கும் மாதம் 18,000 ரூபாய்தான் என்பதால் பலர் இரண்டும் ஒன்று என்றே நினைக்கிறார்கள். அரசு வேலைதான் குறிக்கோள் என்றால், 11 மாத ஒப்பந்தத்தில் இருந்தாலும் எம்.ஆர்.பி. தேர்வுக்குப் படிப்பதை நிறுத்தக் கூடாது. அதில் தமிழ்த் தகுதித் தாளும் உண்டு.

கர்நாடகத்திலோ ஆந்திரத்திலோ படித்தவர்கள் அந்த மாநில நர்சிங் கவுன்சிலில் தடையில்லாச் சான்று பெற்று, தமிழ்நாடு கவுன்சிலுக்குப் பதிவை மாற்றிய பிறகே விண்ணப்பிக்க முடியும். அறிவிக்கை வந்தபின் இதைத் தொடங்கினால் கடைசித் தேதிக்குள் முடியாது.

வேலையைப் பொறுத்தவரை, 24 மணி நேர பி.எச்.சி.யை மூன்று நர்ஸ்கள் ஷிப்ட் போட்டு நடத்துவார்கள். ஒருவர் விடுப்பு எடுத்தால் மற்ற இருவர் தலையில். இரவில் டாக்டர் போனில்தான் என்ற இடங்களும் உண்டு. வலிப்போடு ஒரு கர்ப்பிணி வந்தால், வலிப்பை அடக்கும் மக்னீசியம் சல்பேட் முதல் தவணை 10 கிராம். 50 சதவீத ஆம்பூல் ஒன்றில் 2 மி.லி., அதாவது 1 கிராம். ஆக ஒவ்வொரு பிட்டத்திலும் ஐந்து ஆம்பூல் வீதம் ஆழமாகத் தசையில் போட்டு, கொடுத்த அளவையும் நேரத்தையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ரெஃபரல் சீட்டில் எழுதி, 108-இல் ஏற்ற வேண்டும். பத்து ஆம்பூலையும் தனி ஆளாக உடைக்க வேண்டியிருக்கும். அவசர மருந்து டிரேயில் ஆறுதான் இருக்கிறது, அதிலும் இரண்டு காலாவதி என்று அந்த நேரத்தில் தெரிந்தால் என்ன செய்வது? டியூட்டி எடுத்தவுடன் டிரேயை எண்ணுவது அதற்குத்தான்.

பாம்புக்கடியும் அப்படியே. 20 நிமிட ரத்த உறைவுச் சோதனைக்குச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய் வேண்டும். 2 மி.லி. ரத்தம் விட்டு, அசைக்காமல் வைத்து, 20 நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயோ சோப்பு போட்டுக் கழுவிய குழாயோ என்றால், விஷம் ஏறாதவருக்கும் ரத்தம் உறையாமல் போய்ச் சோதனை பொய் சொல்லும். விஷமுறிவு மருந்துக் குப்பியைக் குலுக்கினால் நுரை கட்டும், மெல்லச் சுழற்றித்தான் கரைக்க வேண்டும். ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் சிரிஞ்சில் தயாராக இருக்க வேண்டும். படிப்பு முடித்த கையோடு இதையெல்லாம் தனியாகச் செய்வது கடினம். அதனால் ஓராண்டாவது வார்டில் கை பழகிய பிறகு பி.எச்.சி.க்கு வருவது நோயாளிக்கும் நல்லது, நர்ஸுக்கும் நல்லது.

துணை சுகாதார நிலையம்

எம்.எல்.எச்.பி. பணியில் நைட் டியூட்டி இல்லை. ஒரு நிலையத்தின் பொறுப்பில் சமவெளியில் சுமார் 5,000 பேர், மலையில் 3,000 பேர். பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை தருவது, டாக்டரோடு தொலைவழி ஆலோசனை, கிராம சுகாதார நர்ஸோடு (வி.எச்.என்.) சேர்ந்து களப்பணி, இதையெல்லாம் கணினியில் ஏற்றுவது. சம்பளம் அதே 18,000, அதே 11 மாத ஒப்பந்தம். கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் பொருந்தும். ஆனால் ஐ.வி. போட்டே பல மாதம் ஆன கையோடு பிறகு வார்டுக்குத் திரும்புவது சிரமம். முதல் வேலையாக இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், சேருமுன் ஒரு நாள் போய் ஊரைப் பாருங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு? அடுத்த ஷிப்ட் நர்ஸ் வரும் பஸ் தவறினால் யார் நிற்பது? குவார்ட்டர்ஸ் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, கோடையில் தண்ணீர் வருகிறதா? இந்தக் கேள்விகளுக்கு அலுவலகத்தைவிட அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் நர்ஸ் சரியான பதில் சொல்வார்.

விட்டு வரும்போது பணிவிடுவிப்பு ஆணையோடு அனுபவச் சான்றிதழையும் அன்றே கேட்டு வாங்குங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பணிபுரிந்த பிரிவுகள், படுக்கை எண்ணிக்கை, கையெழுத்திட்டவரின் பதவி முத்திரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதிகாரி மாறிவிட்டால் பழைய கோப்பைத் தேடவைத்து வாங்குவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.