உலகக் குழந்தைப் பெயர்த் தொகுப்பு: வழக்கங்களில் வளம், உச்சரிப்பில் சறுக்கல்

உலக நாடுகளின் அரிய குழந்தைப் பெயர்களைப் பொருளுடன் தமிழில் தரும் ஒரு தொகுப்பைப் புதுச்சேரி மிஷன் வீதியில் 250 ரூபாய்க்கு வாங்கினேன். பாரிசில் வாழும் என் அண்ணன் மகளுக்குக் கார்த்திகையில் குழந்தை பிறக்கவிருக்கிறது. முத்தியால்பேட்டையில் இருக்கும் பாட்டியின் வாயிலும் பாரிஸ் பள்ளி ஆசிரியரின் வாயிலும் சிதையாமல் நுழையும் பெயராக ஒன்று தேடித் தாருங்கள் சித்தப்பா என்று அவள் கேட்டிருந்தாள். இவ்வகைத் தொகுப்புகள் பலவற்றிலும் இதே குறைகள் இருப்பதால், இந்த ஒன்றின் பெயரை மட்டும் எடுத்துச் சொல்வது நியாயமாகாது என்று விட்டுவிடுகிறேன்.

நூலின் சிறந்த பகுதி பெயர்ப்பட்டியல் அன்று. ஒவ்வொரு நாட்டிலும் பெயர் எவ்வாறு வைக்கப்படுகிறது என்று விளக்கும் முன்பகுதியே. கானா நாட்டின் அக்கான் மக்களிடையே பிறந்த கிழமையே பெயராகிறது. வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் குழந்தை கோஃபி. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் 1938 ஏப்ரல் 8 அன்று, ஒரு வெள்ளிக்கிழமையில், இரட்டையரில் ஒருவராகப் பிறந்தவர் என்பதால், இரட்டையரைக் குறிக்கும் அட்டா என்பதும் அவர் பெயரில் உண்டு. நைஜீரியாவின் யொருபா மக்கள் இரட்டையரில் முதலில் பிறப்பதைத் தைவோ என்றும் அடுத்ததைக் கெஹிந்தே என்றும் அழைக்கிறார்கள். ஆனால் உலகம் எப்படி இருக்கிறதென்று பார்த்துவரத் தைவோவை முன்னே அனுப்பிய கெஹிந்தேதான் மூத்தவர் என்பது அவர்கள் கணக்கு. பாலித் தீவில் வயான், மடே, ஞோமான், கெதுத் என்று பிறப்பு வரிசைக்கு நான்கு பெயர்கள். ஐந்தாவது குழந்தை பிறந்தால் மீண்டும் வயான்.

மங்கோலியப் பக்கங்களை இரண்டு முறை படித்தேன். பிள்ளைகள் தங்காத வீட்டில், தீய சக்திகளின் கண்ணில் படாதிருக்க, 'பெயரில்லை' என்று பொருள்படும் நெர்குய், 'இது அல்ல' என்று பொருள்படும் எனெபிஷ் போன்ற பெயர்களை அங்கே வைப்பதுண்டு. குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்புசாமி, குப்பம்மாள் என்றும், தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்லியும் பெயரிட்ட நம் ஊர்ப் பாட்டிமார்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்காது. ஆனால் தொகுப்பாளரின் இதே கவனம் சீனப் பக்கங்களில் காணாமற்போகிறது. 'தம்பியை அழைத்து வா' என்று பொருள்படும் ஜாவ்தி என்ற பெண்பெயர் 'மங்கலப் பெயர்கள்' என்ற தலைப்பின்கீழ் இடம்பெற்றிருக்கிறது. போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் மகளுக்குப் பெயர் வைத்த வீடுகளை அறிந்த தமிழ் வாசகருக்கு இதில் என்ன மங்கலம் தெரியும்?

பட்டியலுக்குள் நுழைந்ததும் பெருங்குறை வெளிப்படுகிறது. பெயர்களை அந்தந்த மொழியினர் சொல்வதைக் கேட்டு எழுதாமல், ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்து எழுதியிருக்கிறார்கள். அயர்லாந்தில் சீர்ஷா என்று ஒலிக்கப்படும், விடுதலை என்று பொருள்படும் அழகிய பெயர் இங்கே 'சாயோர்ஸ்' ஆகிவிட்டது; ஒளி என்று பொருள்படும் நீவ், 'நியாம்' என்று அச்சாகியிருக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிரெஞ்சுப் பெயர்களான எமே, பெனுவா, கியோம் ஆகியவை முறையே 'ஐமி', 'பெனோயிட்', 'குயில்லாம்' என்று வந்திருப்பதை, லூயி (Louis) என்ற பெயரின் கடைசி எழுத்தை விழுங்கிச் சொல்லப் பழகிய புதுச்சேரியில் விற்கிறார்களே! என் அண்ணன் மகளுக்கு அந்தப் பக்கத்தைத் தொலைபேசியில் படித்துக்காட்டியபோது, எந்தப் பெயரைச் சொல்கிறேன் என்றே அவளுக்கு விளங்கவில்லை.

பொருள்களிலும் மிகை உண்டு. ஹவாய் மொழியில் குளிர்ச்சி என்ற அளவில் நிற்கும் கேயானு, இங்கே 'மலைகளைத் தழுவி வரும் இளந்தென்றல்' என்று விரிகிறது.

ஐஸ்லாந்தைப் பற்றிய குறிப்பு கேலித்தொனியில் அமைந்திருப்பது எனக்கு உடன்பாடன்று. அங்கே ஏற்கப்பட்ட பெயர்களின் பட்டியலில் இல்லாத புதுப்பெயரை 1991 முதல் ஒரு குழு ஆராய்ந்தே ஏற்கிறது. ஐஸ்லாந்திய வேற்றுமை உருபுகளை அப்பெயர் ஏற்குமா என்பது அக்குழு பார்க்கும் அளவுகோல்களில் ஒன்று. ஐ, கு, இன் சேர்த்தால் நாவில் இடறும் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு நாள்தோறும் திணறுவோர் நம்மிடையேயும் உள்ளனர். குழு எப்போதும் சரியாக நடந்ததென்று சொல்லவில்லை. இளங்காற்று என்று பொருள்படும் ப்லைர் என்ற பெயரை, அது இலக்கணப்படி ஆண்பாற்சொல் என்று காட்டி ஒரு பெண்ணுக்கு மறுத்ததும், அந்தப் பெண் 2013-இல் நீதிமன்றத்தில் வென்றதும் நூலில் இடம்பெற்றிருக்க வேண்டும்.

பிரான்ஸைப் பற்றியும் சொல்லாமல் விட்டவை ஏராளம். நாட்காட்டியிலும் பண்டைய வரலாற்றிலும் உள்ள பெயர்களுக்கே இடமென்று 1803-இல் வந்த சட்டம் 1993-இல்தான் முழுமையாக நீங்கியது. இப்போது பெற்றோர் விருப்பம்போல் வைக்கலாம். குழந்தையின் நலனுக்குக் கேடு என்று பதிவாளர் கருதினால் விவகாரம் நீதிமன்றம் செல்லும். நுட்டெல்லா என்ற சாக்லேட் பசையின் பெயரை மகளுக்கு வைத்த பெற்றோரை நீதிபதி தடுத்து, எல்லா என்று மாற்றியது இவ்வழியில்தான். நம் ஊர்ச் செய்தியும் விடுபட்டிருக்கிறது: 1881-ஆம் ஆண்டின் ஆணைப்படி தம் சமூக வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்ற புதுச்சேரித் தமிழர்கள் தங்களுக்கென ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்துகொண்டார்கள். பெயர் தேர்வதைப் பற்றிய ஒரு நூல் இவ்வூர்க் கடையில் இருந்துகொண்டு இதை விடலாமா?

அச்சும் தாளும் தரமானவை. பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் இருப்பதால், நட்சத்திர எழுத்தை வைத்துத் தேடுவோர் முழுநூலையும் புரட்ட நேரிடும். பின்னிணைப்பில் ரோகிணிக்கு ஓ, வா, வீ, வூ என்பதுபோல் அட்டவணை இருந்தும், அது பட்டியலோடு இணைக்கப்படவில்லை. முன்பகுதிக்காக இதை வாங்கலாம். பட்டியலிலிருந்து பெயர் தேர்பவர்கள், அந்த மொழி பேசும் ஒருவரைச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே நகராட்சிப் படிவத்தில் எழுதுங்கள். பிறப்பைப் பதிந்துவிட்டால் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்க இங்கே இடமுண்டு என்பதால் அவசரம் ஏதுமில்லை.