பெங்களூரில் ஜெர்மன் சாப்பாடு: பீர் ஹாலா, சின்ன கஃபேயா, வீட்டு அடுப்பா?

ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு இயந்திரம் பொருத்த வந்த இரண்டு ஜெர்மன்காரர்கள், கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அம்மா களி கிண்டி நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தார். களி உருண்டையைப் பார்த்ததும் அவர்களில் ஒருவர், "எங்கள் ஊரிலும் இப்படி உருட்டிக் குழம்பில் போட்டுத் தின்போம்" என்றார். அதைச் சாப்பிட்டே தீரவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் ஊரிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர்தான். இரண்டு மாத இடைவெளியில் இரண்டு இடங்களுக்கு வீட்டாரோடு போய் வந்தோம். ஒன்று, ஜெர்மன் பாணியில் அமைத்த பெரிய பீர் ஹால். இன்னொன்று பேக்கரியோடு சேர்ந்த சின்ன கஃபே. அப்புறம் வீட்டிலும் சமைத்துப் பார்த்தோம்.

பீர் ஹாலில் முதலில் கண்ணில் படுவது அலங்காரம். நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தோரணங்கள், நீளமான மர பெஞ்சுகள், ஒரு லிட்டர் கண்ணாடிக் குவளைகள். பார்க்க நன்றாகவே இருக்கிறது, என் மகள் அங்கிருந்து நகரவே மாட்டேன் என்றாள். ஆனால் அது முழு ஜெர்மனி இல்லை, பவேரியா என்ற ஒரு மாநிலம். அந்த நீல வெள்ளைக் கட்டம் அவர்கள் கொடி. 1810-இல் ஒரு இளவரசர் கல்யாணத்தில் தொடங்கிய அக்டோபர்ஃபெஸ்ட்டும் அவர்கள் தலைநகரான மியூனிக்கின் விழாதான். தமிழ்ச் சாப்பாடு என்றால் செட்டிநாடு என்று வெளியூர் உணவகங்கள் பலகை வைக்கின்றன, நம் களிக்கு அதில் இடமே இருப்பதில்லை. அதே கதைதான் இங்கேயும். 1949-இல் பெர்லினில் ஹெர்ட்டா ஹோய்வர் என்ற பெண்மணி தக்காளிச் சாஸும் கறிப்பொடியும் சேர்த்து உருவாக்கிய கறிவுர்ஸ்ட் என்ற சாசேஜை அந்த நாடே தெருவில் நின்று தின்கிறது. நம் மசாலா வாசம் உள்ள அந்த ஒரு பதார்த்தம் நாங்கள் போன பீர் ஹாலின் மெனுவில் இல்லை.

பன்றியின் கணுக்காலுக்கு மேலுள்ள கறியைப் பல மணி நேரம் வேகவைத்துச் சுட்டு, தோல் மொறுமொறுவென்று வரும் ஷ்வைன்ஸ்ஹாக்ஸே அங்கே உண்மையிலேயே பிரமாதம். வீட்டு அடுப்பில் அது நடக்காது, கஃபேயிலும் கிடைக்கவில்லை. அது ஒன்றுக்காகவே பீர் ஹாலுக்குப் போகலாம். மற்றபடி முட்டைக்கோஸ் வினிகரில் வேகவைத்தது, சாசேஜ் மேசைக்கு வரும்போதே ஆறிப்போயிருந்தது. பாட்டுச் சத்தத்தில் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. வண்டி ஓட்ட வேண்டியிருந்ததால் நான் பீரைத் தொடவில்லை, அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நான்கு பேருக்கு பில் 5,800 ரூபாய்.

கஃபேயில் எட்டு மேசைகள்தான். நான் தேடிப் போன உருண்டையை அங்கேதான் பார்த்தேன். தெற்கில் க்னோடல், மற்ற பக்கங்களில் க்ளோஸ் என்கிறார்கள். உருளைக்கிழங்கில் செய்து, வெந்நீரில் மெதுவாக வேகவைத்து, கறிக்குழம்பு ஊற்றித் தருகிறார்கள். அம்மா கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையால் பிட்டு, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கினார். "ராகி வாசம்தான்டா இல்ல, மத்தபடி நம்ம களிதான்" என்றார். அந்த ஒரு வாய்க்கே பெட்ரோல் செலவு சரியாகிவிட்டது.

ஷ்பெட்ஸ்லே என்று ஒன்று வந்தது. முட்டை சேர்த்த மாவை இடியாப்பம் பிழிவதுபோல் அச்சில் பிழிந்து, கொதிக்கும் நீரிலேயே விழவிடுகிறார்கள். மகளுக்கு அதுதான் பிடித்தது. ஷ்னிட்சலும் சரியாக இருந்தது: கறியைத் தட்டி மெல்லிசாக்கி, மைதா, முட்டை, பிரெட் தூள் என்று வரிசையாகப் புரட்டிப் பொரித்தால் மேல்தோல் கறியை விட்டு லேசாக உப்பி நிற்க வேண்டும். பீர் ஹாலில் அது ஒட்டிக்கொண்டு கட்லெட் போல இருந்தது. வீனர் ஷ்னிட்சல் என்ற பெயர் கன்றுக்கறிக்கு மட்டுமே உரியது. நம் பக்கம் அந்தப் பெயரில் கோழி வந்தால் அது பாணி மட்டும்தான். இந்தக் கஃபே மெனுவில் கோழி ஷ்னிட்சல் என்றே எழுதியிருந்தது, அது எனக்குப் பிடித்தது. பில் 2,600 ரூபாய். குறை என்றால், பத்து பேராகப் போனால் உட்கார இடம் இருக்காது.

வீட்டுச் சமையலுக்கு வருவோம். ஷ்னிட்சல் அரை மணி நேர வேலை, கோழி நெஞ்சுக்கறி போதும். பிரெட்சல் என்ற முடிச்சு வடிவ ரொட்டிக்கு மாவைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும் என்பதால், குழந்தை இருக்கிற வீட்டில் அதைச் செய்யத் துணியவில்லை. அதைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் சாவர்க்ராட் என்ற புளிக்கவைத்த முட்டைக்கோஸ் விஷயத்தில் வீடுதான் முதலிடம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் விளையும் முட்டைக்கோஸ் ஒரு கிலோ, உப்பு 20 கிராம், வேறொன்றும் வேண்டாம். வினிகர் கூடவே கூடாது. பொடியாக நறுக்கி, உப்புப் போட்டு, தண்ணீர் விடும்வரை கையால் அழுத்திப் பிசைந்து, கண்ணாடி ஜாடியில் அந்தத் தண்ணீருக்குள்ளேயே மூழ்கி நிற்கும்படி வைக்க வேண்டும். புளிக்க வைப்பது லூக்கோநாஸ்டாக் முதலான பாக்டீரியாக்கள். நம் இட்லி மாவைப் பொங்க வைக்கிறதும் அதே லூக்கோநாஸ்டாக்தான். ஜெர்மனியின் குளிரில் வாரக்கணக்கில் ஆகும், நம் வெயிலில் சீக்கிரமே புளித்துவிடும். அவ்வப்போது ருசி பார்த்து, போதும் என்று தோன்றும்போது ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம்.

வயதானவர்கள், குழந்தைகளோடு போகிறவர்கள் தயங்காமல் கஃபேயைத் தேர்ந்தெடுங்கள், மதியச் சாப்பாட்டுக்கே போய்விடுங்கள். நண்பர்கள் கூட்டமாக, பன்றிக்கறி சாப்பிடுகிறவர்களாக இருந்தால் பீர் ஹால், ஆனால் ஓட்டுநர் ஒருவரைத் தனியாகக் கூட்டிப் போங்கள். எங்கள் வீட்டு ஜாடியில் இன்று ஐந்தாம் நாள். குமிழி வந்துகொண்டிருக்கிறது, ராத்திரி களிக்குத் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார் அம்மா.