சிம்ப்சன் பாலைவனத்தில் இரவுத் தங்கல்: மேடா, பள்ளமா, ஓடைக்கரையா?

ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தை வண்டியில் கடக்கப் போகிறவர்கள் டயரில் எவ்வளவு காற்று, எத்தனை லிட்டர் டீசல், எத்தனை லிட்டர் தண்ணீர் என்று மாதக்கணக்கில் பேசுவார்கள். இரவு எங்கே படுப்பது என்ற கேள்வி வந்தால் மட்டும் வரைபடத்தில் பெயர் போட்டிருக்கும் இடங்களில் விரலை வைத்து முடித்துவிடுவார்கள்: டல்ஹௌசி ஊற்று, பர்னி போர் (‘போர்’ என்றால் ஆழ்துளைக் கிணறு), பொயப்பல் முனை, ஐர் ஓடை. நின்று பார்க்க வேண்டிய இடங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் தங்குவதற்கு அவற்றில் பாதி சுமார்தான். பெயரே இல்லாத ஏதோ ஒரு பள்ளத்தில் கிடைக்கும் தூக்கம் அங்கே கிடைக்காது என்பது என் கட்சி.

பயணம் வழக்கமானதுதான் என்று வைத்துக்கொள்வோம். மேற்கு ஓரத்து மவுண்ட் டேரில் டீசல் நிரப்பி, மேற்கிலிருந்து கிழக்காக ஃபிரெஞ்ச் லைன், க்யூ.ஏ.ஏ. லைன் என்ற மணல் பாதைகள் வழியே குவீன்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில் ஊர் வரை. நடுவே 500 கிலோமீட்டருக்கு மேல் பங்க் கிடையாது. வழியெங்கும் மணல்மேடுகள். இந்தப் பாலைவனம் முழுவதிலும் 1,100க்கு மேல் இருக்கின்றன; எல்லாம் ஏறக்குறைய இணையாக, வடமேற்கு வாட்டத்திலிருந்து தென்கிழக்கு வாட்டமாக நீண்டு கிடக்கின்றன. மேற்குச் சரிவு சாய்வு, கிழக்குச் சரிவு செங்குத்து. பலரும் மேற்கிலிருந்து புறப்படுவது அதனால்தான். தெற்கு ஆஸ்திரேலியப் பக்கத்துத் தேசியப் பூங்காவை டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடிவிடுவார்கள் என்பதால் கோடைப் பேச்சே வேண்டாம். நாம் பேசுவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை: பகலில் இதமான வெயில், சில இரவுகளில் தண்ணீர் கேனின் மேல் பனிக்கட்டி படரும் குளிர்.

டல்ஹௌசியா, பர்னியா?

முதல் இரவுக்கு இந்த இரண்டும்தான் போட்டி. இடையே சுமார் 70 கிலோமீட்டர்.

டல்ஹௌசியில் கிரேட் ஆர்ட்டீசியன் படுகை என்ற நிலத்தடி நீர்ப்படுகையின் நீர் தானாகப் பொங்கி மேலே வருகிறது. பெரிய குளத்தில் நீர் உடல் சூட்டளவில் இருக்கும். குளிரில் விறைத்த உடம்போடு இறங்கினால் கரையேற மனம் வராது. பாதத்தைக் கடித்துப் பார்க்கும் குட்டி மீன்கள் உண்டு. இங்குள்ள மீன்களில் சில இனங்கள் உலகில் வேறெங்கும் இல்லை. கழிப்பறையும் இருக்கிறது. பிறகு என்ன குறை? கொசு. குளிர்காலத்தில் ஏது கொசு என்ற கணக்கு அங்கே செல்லாது. அந்தி சாயும்போது படையெடுத்து வரும்; சமையலையும் சாப்பாட்டையும் அதற்கு முன்பே முடித்துக்கொண்டு டென்டுக்குள் போய்விடுவது உத்தமம். பள்ளி விடுமுறைக் காலத்தில் பக்கத்து டென்டின் குறட்டையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கும்.

பர்னி போர் 1963இல் எண்ணெய் தேடித் துளைத்த ஆழ்துளைக் கிணறு. எண்ணெய்க்குப் பதில் வெந்நீர்தான் வந்தது. அதைத் தன்போக்கில் ஓடவிட்டதில் பாலைவன நடுவே ஒரு சதுப்புநிலமே உருவாகிவிட்டது. 1987இல் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தி, பறவைகளுக்கென்று கொஞ்சம் நீரை மட்டும் விட்டு வைத்தார்கள். பைனாகுலர் வைத்திருப்பவருக்கு நல்ல பொழுதுபோக்கு. தங்குவதற்கு? தண்ணீர் இருக்கும் இடத்துக்கு டிங்கோ நாய்களும் வரும். வெளியே விட்ட செருப்பும் ஷூவும் காலையில் அங்கேயே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். என்னைக் கேட்டால், டல்ஹௌசியில் ஓர் இரவு, மறுநாள் காலையில் இன்னொரு குளியல், பர்னியில் மதிய உணவு. பிறகு வண்டியை எடுத்து மணலுக்குள் போய்விட வேண்டும்.

மேட்டின் உச்சியா, இடைப்பள்ளமா?

இதுதான் உண்மையான கேள்வி. ஏனென்றால் நடுவில் வரும் இரண்டு மூன்று இரவுகளும் இந்த இரண்டில் ஒன்றில்தான் கழியும்.

உச்சியின் கவர்ச்சி புரிகிறது. நாலா பக்கமும் தடையில்லாத வானம், மேடு மேடாகச் சிவந்து போகும் அந்தி. ரேடியோ எட்டும் தூரமும் மேலே நின்றால்தான் கூடும். ஆனால் உச்சியில் காற்றுக்கு மறைவு கிடையாது. இரவெல்லாம் டென்ட் படபடக்கும், சாம்பாரில் மணல் விழும். அதைவிட முக்கியம், பாதையை ஒட்டிய உச்சி ஆபத்தான இடம். எதிரே வருபவருக்கு மேட்டின் மறுபக்கம் கடைசி நொடி வரை தெரியாது. வண்டியின் முன்னால் உயரமாகக் கொடி கட்ட வேண்டும் என்ற விதியே அதற்காகத்தான். கொடியைப் பார்த்து நிறுத்தலாம். டென்டுக்குக் கொடி ஏது?

ஆக, இடைப்பள்ளம். ஆனால் பள்ளம் என்றால் எல்லாப் பள்ளமும் காற்றை மறைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. இந்த மேடுகளை உருவாக்கியதே காற்றுதான், அதுவும் அவற்றின் நீளவாக்கில் அடித்த காற்று. தென்கிழக்கிலிருந்து அடிக்கும்போது இரண்டு மேடுகளுக்கு நடுவே நேர்த்தெருவில் ஓடுவதுபோல ஓடி வரும். பக்கத்தில் இருக்கும் மேடு ஒன்றுக்கும் உதவாது. அன்றைக்கு உங்களைக் காப்பாற்றுவது கிட்ஜி மரக்கூட்டம். அடர்ந்த தோப்பாகப் பார்த்து அதன் மறைவில் வண்டியைக் குறுக்காக நிறுத்துங்கள். காற்று மேற்கிலிருந்து வருகிறது என்றால் கதை வேறு. அப்போது மேற்கு மேட்டின் செங்குத்தான கிழக்கு முகம் நல்ல சுவர்.

அந்தச் சுவரின் அடிவாரத்தைத்தான் நான் எப்போதும் முதலில் பார்ப்பேன், காற்று இல்லாத நாளிலும். காரணம் காலை வெயில். பள்ளத்தின் கிழக்கு ஓரத்தில் படுத்தவருக்குச் சூரியன் மேட்டைத் தாண்டி வர நேரமாகும். மேற்கு ஓரத்தில் படுத்தவரின் டென்டில் பனி அதற்குள் காய்ந்திருக்கும். பள்ளத்தின் நட்டநடு அடியையும் தவிர்த்துவிடுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் அங்கே போய்த் தேங்கும். சரிவில் ஓர் ஆள் உயரம் ஏறினாலே குளிரில் வித்தியாசம் தெரியும்.

விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டுமே என்று கவலை வேண்டாம். கிழக்கு நோக்கிப் போகிறவருக்கு அதிகாலை மேடு ஏறுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம், உச்சியில் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். டென்டைக் காயவைத்து, காபி குடித்து, ஒன்பது மணிக்குள் கிளம்பினால் போதும். அதற்கு மேலும் தள்ளிப்போட்டால் மணல் சூடேறி இளகிவிடும்.

இடம் தேர்ந்ததும் காலடியைப் பாருங்கள். ஸ்பினிஃபெக்ஸ் புல் பிசின் நிறைந்தது; சூடான சைலன்சருக்குக் கீழே அது சிக்கினால் வண்டியே எரியும். எனவே வெறும் மணலில் நிறுத்த வேண்டும். பூங்காவுக்குள் விறகு பொறுக்கவும் கூடாது. தீ மூட்ட ஆசையிருந்தால் வெளியிலிருந்து விறகு கொண்டு வாருங்கள், இல்லையேல் கேஸ் அடுப்பு.

இந்த மண்ணின் வாங்கங்குரு மக்களும் இடைப்பள்ளங்களில் தோண்டிய மிகிரி என்ற கிணறுகளை நம்பித்தான் இங்கே வாழ்ந்தார்கள். 1886இல் ஆய்வுப் பயணி டேவிட் லிண்ட்சே உள்ளே வந்தபோது அந்தக் கிணறுகளுக்கு அவரை அழைத்துப் போனதும் அவர்களில் ஒருவர்தான். 1900 வாக்கில் அவர்கள் பாலைவனத்தை விட்டு வெளியேறினார்கள். பழைய கிணற்றின் தடமோ கல் கருவிகளோ கண்ணில் பட்டால், கை வைக்காமல் அடுத்த பள்ளத்துக்கு நகர்ந்துவிடுங்கள், பள்ளத்துக்கா பஞ்சம்?

களித்தரையும் பொயப்பல் முனையும்

சில பள்ளங்களின் தரை சிமென்ட் போட்டதுபோல் மட்டமாக, கெட்டியாக இருக்கும். டென்ட் போட அதைவிட வசதியான தரை இல்லை என்று தோன்றும். ஆணி இறங்காது என்பது சிறு தொல்லை. பெரிய தொல்லை மழை: கொஞ்சம் பெய்தாலும் அந்தக் களி டயரில் அப்பிக்கொண்டு வண்டியை நகரவிடாது. மேற்கில் மேகம் தெரிந்தால் மணலே மேல், நனைந்த மணல் இறுகத்தான் செய்யும். உப்பு ஏரிகள் இன்னும் மோசம். மேலே வெள்ளைப் பொருக்கு, கீழே சேறு.

தெற்கு ஆஸ்திரேலியா, குவீன்ஸ்லாந்து, வட ஆட்புலம் மூன்றும் சந்திக்கும் பொயப்பல் முனை அப்படியொரு உப்பு ஏரியின் ஓரத்தில்தான் இருக்கிறது. 1880இல் நில அளவையாளர் அகஸ்டஸ் பொயப்பல் அளந்து நட்ட எல்லைக் கம்பம் ஏரிக்குள்ளேயே நின்றது. அளவைச் சங்கிலி நீண்டுபோயிருந்தது பிறகுதான் தெரிந்தது. சில ஆண்டுகளில் சரியான இடத்துக்கு மாற்றினார்கள். கம்பத்தைத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டு நகருங்கள். எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள், மறைவுக்கு ஒதுங்க மரமும் குறைவு. எல்லை தாண்டியதும் குவீன்ஸ்லாந்துப் பூங்காவில் தங்குவதற்குத் தனி அனுமதி, முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும்.

கடைசி இரவு

க்யூ.ஏ.ஏ. லைனில் மேடுகள் பெரிதாகி, இடைவெளி அகலமாகும். களைத்துப் போன நேரத்தில் ஐர் ஓடையின் கூலிபா மரங்கள் கண்ணில் படும்போது அங்கேயே விழத் தோன்றும், விழலாம். இந்தப் பாதையில் பெயருள்ள இடங்களில் நான் தயங்காமல் கைகாட்டுவது இதை ஒன்றைத்தான். நிழல் உண்டு, நீர் இருக்கும் ஆண்டில் பெலிகன் பறவைகள்கூட வரும். பெரிய கிளைக்கு நேர் கீழே மட்டும் படுக்காதீர்கள்.

எந்தக் கரை என்பதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். இந்த ஓடைக்கு நீர் வருவது தலைக்கு மேலே இருக்கும் மேகத்திலிருந்து அல்ல. வடக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழை ஜார்ஜினா ஆற்றின் வழியாக வாரக்கணக்கில் ஊர்ந்து வந்து சேரும். இங்கே வானம் நிர்மலமாக இருக்கும்போதே ஓடை நிரம்பக்கூடும். வெள்ளச் செய்தி ஏதாவது காதில் விழுந்திருந்தால், பொழுது இருக்கும்போதே கடந்து கிழக்குக் கரையின் உயரமான இடத்தில் தங்குங்கள். மேற்குக் கரையில் மாட்டினால் நீர் வடியும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது சுற்றுப்பாதையில் டீசலை எரிக்க வேண்டும்.

பிக் ரெட் அடிவாரத்தில் தங்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். சுமார் 40 மீட்டர் உயர மேடு, ஏறித்தான் பார்க்க வேண்டும். ஆனால் அங்கிருந்து பேர்ட்ஸ்வில் வெறும் 35 கிலோமீட்டர். 1884இல் கட்டிய ஹோட்டலும் அந்த ஊரில் இருக்கிறது, வெந்நீர்க் குளியலும் கிடைக்கும். இத்தனை நாள் மணல் போதும், ஊருக்குள் போய்விடுங்கள்.