போலரைசர் ஃபில்டர்: நான்கு ஆண்டுகள், ஓர் இறுகிய மரை

டவுன்ஹால் ரோட்டுக் கடையில் கேமரா பழுது பார்க்கும் பெரியவர் நேற்று என் லென்சைத் திருப்பிக் கொடுத்தார். நான்கு ஆண்டுகள் அதன் முகப்பில் இருந்த போலரைசர், அதாவது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விட்டுப் பளபளப்பை அடக்கும் சுழல் கண்ணாடி, தனியாக ஒரு காகிதப் பொட்டலத்தில் வந்தது. வளையத்தை ரம்பத்தால் கீறி, உள்பக்கமாக மடக்கித்தான் எடுத்திருக்கிறார். கூலி 850 ரூபாய். "அலுமினிய மரையில் அலுமினிய மரையை முறுக்கினால் இப்படித்தான் கவ்விக்கொள்ளும் தம்பி. பித்தளை வளையமாக இருந்தால் எனக்கு இந்தப் பாடு இல்லை" என்றார்.

வீட்டுக்கு வந்தால் நண்பனிடமிருந்து கேள்வி. "அண்ணே, அடுத்த வாரம் பெங்களூரு போகிறேன். ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் படம் எடுக்கப் போலரைசர் வாங்கட்டுமா?" அவனுக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

ஹெச்.ஏ.எல். என்பது விமானம் கட்டும் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம். நான் ஆண்டுக்கு இரண்டு முறையாவது மதுரையிலிருந்து அந்த அருங்காட்சியகத்துக்குப் போகிறவன். பழைய போர் விமானங்களைவிட, அவற்றைத் துடைத்து, கழுவி, துரு பார்த்துக் காப்பாற்றும் கைகளைப் படம் எடுப்பதுதான் எனக்குப் பிடிக்கும். அந்த வேலைக்குப் போலரைசர் செய்த உதவியை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது.

அங்கே நிற்கும் மாருத் போர் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க் வடிவமைத்து, ஹெச்.ஏ.எல். கட்டி, 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்த விமானம். 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் சண்டையிட்டது. ஒரு நாள் காலை கிழக்கு வெயிலில், வடக்கு வானம் பின்னணியாக இருக்கும்படி நின்று, அதன் விமானி அறை மூடியைப் பார்த்தபடி ஃபில்டரைத் திருகினேன். தெளிவாகத் தெரிந்த மூடி முழுவதும் ஊதா, பச்சை, மஞ்சள் வரிகளாக மாறியது. எண்ணெய் படிந்த மழைத்தண்ணீரைப் போல. அது கண்ணாடி இல்லை, அக்ரிலிக். அச்சில் வளைத்தபோதும், சட்டத்தில் இறுக்கியபோதும் உள்ளே தங்கிய இழுவிசைதான் அப்படி நிறமாகத் தெரிகிறது. மகளின் பிளாஸ்டிக் பாகைமானியைக் கணினித் திரைக்கு முன்னால் பிடித்து இந்த ஃபில்டர் வழியாகப் பார்த்தாலும் அதே வரிகள்தாம். அன்று மாருத்தின் முன்னால் அரைமணி நேரம் நகராமல் நின்றேன்.

அந்த மூடிகளை ஏன் அவ்வளவு பக்குவமாகத் துடைக்கிறார்கள் என்பதும் அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. இழுவிசை உள்ள அக்ரிலிக்கில் ஆல்கஹாலோ தின்னரோ பட்டால், வலைபோல நுண்ணிய விரிசல் ஓடிவிடும். வீட்டுக் கண்ணாடிக்குத் தெளிக்கும் அமோனியா கலந்த திரவமும் ஆகாது. முதலில் தண்ணீர் விட்டுத் தூசியை இறக்க வேண்டும். பிறகு மென்மையான சோப்புத் தண்ணீரும் பருத்தித் துணியும். தூசியோடு துடைத்தால் துணியே உப்புக்காகிதம் ஆகிவிடும்.

வண்ணம் பூசிய உடலில் வான வெளிச்சத்தின் பளபளப்பை அடக்கி, வெளுத்த இடம் எது, புதிதாகப் பூசிய இடம் எது என்று காட்டுவதிலும் இதற்கு ஈடு இல்லை. ஆனால் வண்ணம் பூசாத உலோகத்தில் பெரிதாக ஒன்றும் செய்யாது. உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியின் இயல்பு அப்படி. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

குறை வளையத்தில் இருக்கிறது. மெல்லிய வளையம் என்று பெருமையாக விற்கிறார்கள். போலரைசரின் முன்வளையம் தானாகச் சுழல்வது. அதைப் பிடித்துக் கழற்ற முடியாது. பின்வளையத்தைத்தான் பிடிக்க வேண்டும். அதுவோ நகக்கண் அகலம்கூட இல்லை. அழுத்திப் பிடித்தால் வட்டம் நீள்வட்டமாகி இன்னும் இறுகுகிறது. ரப்பர் வளையம் மாட்டிப் பார்த்தேன். செருப்பின் ரப்பர் அடியில் வைத்துத் திருகிப் பார்த்தேன். நான்கு ஆண்டுகளில் இந்தப் போராட்டம் இல்லாமல் முடிந்த பயணம் ஒன்றுகூட இல்லை.

போன பயணத்தில் வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது. இறக்கையின் அடியில் ஓர் ஊழியர் மண்டியிட்டு, டார்ச்சைத் தகட்டோடு தகடாகச் சாய்த்துப் பிடித்து, ரிவெட் வரிசையை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சாய்ந்த வெளிச்சத்தில்தான் தகட்டின் நெளிவு தெரியும், வண்ணத்துக்கு அடியில் அலுமினியம் அரித்து உப்பிய இடம் தெரியும். ஓர் இடத்தில் நின்று, விரல் நுனியால் தடவினார். நான் பல ஆண்டுகளாகக் காத்திருந்த படம் அது. ஃபில்டர் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை, அதாவது நான்கில் மூன்று பங்கை, தின்கிறது. அது இல்லாமல் 1/60 நொடியில் எடுத்திருக்கலாம்; அதனோடு 1/15. கழற்ற முயன்றேன், அசையவில்லை. முக்காலியும் கொண்டுபோகவில்லை. பதினொரு படம் எடுத்தேன், பதினொன்றிலும் அந்த விரல்கள் மங்கல். அவர் எழுந்து அடுத்த விமானத்துக்குப் போய்விட்டார்.

பொட்டலத்தில் இருக்கும் கண்ணாடிக்கு ஒரு கீறல்கூட இல்லை. நிறமும் மாறவில்லை. ஒளியைப் பொறுத்தவரை இதைவிட நல்ல ஃபில்டரை நான் பயன்படுத்தியதில்லை. இருந்தாலும் என் பதில், வாங்காதே தம்பி. பித்தளை வளையத்தில், விரலுக்குப் பிடி கிடைக்கும் அகலத்தில் கையில் எடுத்துப் பார்த்து வாங்க முடிந்தால் அது வேறு பேச்சு. அடுத்த வாரத்துக்குள் அதைத் தேடி அலையாதே. வெறும் லென்சோடு போய், டார்ச் பிடித்திருப்பவர் யாராவது இருந்தால் பக்கத்தில் நில். மாருத்தின் நிற வரிகளைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, படங்கள் என்னிடம் இருக்கின்றன.