கொழிஞ்சாம்பாறையில் வாங்கிய கொட்டைப் பெட்டி

கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் பல்லாங்குழிப் பலகையும் மரச் சாமான்களும் விற்கும் சிறிய கடை ஒன்றில், குழந்தைகள் பொருள்களை இனம் பிரித்துப் பழகுவதற்கென்று ஒரு மரப்பெட்டி 450 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நடுவில் ஒரு பெரிய குழியும் அதைச் சுற்றி எட்டுச் சிறு அறைகளும் கொண்ட அந்தப் பெட்டியில் புளியங்கொட்டை, மஞ்சாடி, கழற்சி, பூந்திக்கொட்டை, வேப்பங்கொட்டை, சோழி ஆகியவற்றைக் கலந்து போட்டுத் தருகிறார்கள். அறைகளில் நிறமோ படமோ பெயரோ இல்லை. என் பேத்திக்காக வாங்கிப் பயன்படுத்திப் பார்த்த பிறகு, இந்த வெறுமையே பெட்டியின் பெரிய சிறப்பு என்று உறுதியாகச் சொல்வேன்.

சிவப்புக் கிண்ணத்தில் சிவப்புப் பந்தைப் போடச் சொல்லும் பிளாஸ்டிக் பொம்மைகளில், எதைக் கொண்டு பிரிப்பது என்பதைப் பொம்மை செய்தவரே முடிவு செய்துவிடுகிறார்; குழந்தைக்கு மிஞ்சுவது பொருத்தும் வேலை மட்டுமே. இந்தப் பெட்டியிலோ அந்த முடிவைக் குழந்தையே எடுத்தாக வேண்டும். ஐந்து வயதுப் பேத்தி முதலில் நிறத்தைப் பார்த்துப் பிரித்தாள். பாதியில் ஒரு சோழியையும் ஒரு கழற்சியையும் ஒரே அறையில் வைத்தபோது, "ஏங்கண்ணு இது ரெண்டையும் ஒண்ணா வெச்சே?" என்று கேட்டேன். "ரெண்டும் வழுவழுன்னு இருக்குது அம்மிச்சி" என்றாள். சற்றுப் பொறுத்து, மற்ற கொட்டைகளையும் ஒவ்வொன்றாக விரலால் தடவி, சொரசொரப்பானவற்றை ஒதுக்கத் தொடங்கினாள். பிரிக்கும் அளவுகோலைப் பாதி வழியில் மாற்றுவது இந்த வயதில் இயல்பு என்பதால், பெரியவர்கள் அவசரப்பட்டுத் திருத்தாமல் காரணத்தை மட்டும் கேட்டால் போதும். பிறகு ஒரு குண்டான் தண்ணீரில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம். புளியங்கொட்டை அடியில் தங்கியது, நாங்கள் போட்ட கழற்சி மிதந்தது, உடனே மிதப்பவை ஒரு பக்கம், மூழ்குபவை ஒரு பக்கம் என்று புதிய பிரிவு பிறந்தது.

இதே பெட்டியைக் கொண்டு இன்னொன்றையும் செய்து பார்க்கலாம். சுவிட்சர்லாந்து உளவியலறிஞர் பியாஜே, பெரும்பாலும் பழுப்பும் சில மட்டும் வெள்ளையுமான மரமணிகளைக் குழந்தைகள் முன் வைத்து, பழுப்பு மணிகள் அதிகமா, மரமணிகள் அதிகமா என்று கேட்டார். ஏறக்குறைய ஏழு வயதுக்கு உட்பட்டவர்கள் பழுப்பு மணிகளே அதிகம் என்றார்கள். சோழியை எடுத்துவிட்டு, நிறையப் புளியங்கொட்டையும் சில மஞ்சாடியும் வைத்து, "புளியங்கொட்டை அதிகமா, கொட்டை அதிகமா?" என்று கேட்டால் நம் வீட்டுப் பிள்ளைகளும் புளியங்கொட்டை என்றே சொல்லக்கூடும். ஒன்றே ஒரே நேரத்தில் சிறு வகையிலும் பெரு வகையிலும் அடங்கும் என்பது பிடிபட வயது வர வேண்டும். அதுவரை தவறு என்று அதட்டுவதில் பயனில்லை.

ஐந்து வடிவம், மூன்று நிறம், இரண்டு அளவு, இரண்டு தடிமன் என்று 60 துண்டுகள் கொண்ட கட்டைத் தொகுப்பும் எங்களிடம் உண்டு. அது ஒழுங்கானது, பள்ளிக்கு ஏற்றது. ஆனால் அதில் எல்லாத் துண்டும் ஏதேனும் ஒரு வகையில் கச்சிதமாக அடங்கிவிடும். ஓட்டை விழுந்த வேப்பங்கொட்டையை எங்கே வைப்பது என்ற நல்ல குழப்பம் அதில் வராது.

ஒரு குறையைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எனக்குக் கிடைத்த பெட்டியில் மஞ்சாடியோடு குன்றிமணியும் கலந்திருந்தது. இரண்டும் சிவப்பு என்றாலும் குன்றிமணியில் கறுப்புப் புள்ளி இருக்கும். அதிலுள்ள அப்ரின் கடும் நஞ்சு, கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. குருவாயூரில் குழந்தைகள் உருளியில் கையை விட்டு அளைவது மஞ்சாடியை. அந்த நினைவில் எல்லாச் சிவப்பு மணியும் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தட்டில் கொட்டிப் பொறுக்கிவிடுங்கள். ஆமணக்கு விதை இருந்தாலும் எடுத்துவிடுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டில் இதைத் திறந்து வைக்கவே வேண்டாம். இவ்வளவு சிறிய கொட்டைகள் தொண்டையிலும் மூக்கிலும் சிக்கக்கூடியவை. கடைக்காரரிடம் சொன்னபோது மறுக்காமல் கேட்டுக்கொண்டார். குன்றிமணி நீக்கிய பெட்டி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, அவர்கள் கண்முன்னே பொறுக்கிக் கட்டித் தருகிறார்.