வயர் டிரேசர், கிளாம்ப் மீட்டர் ரிவ்யூ: பழைய 180எஸ்எக்ஸ்ல ஒளிஞ்சிருந்த பெட்டிகளைத் தேடினப்போ

பழைய ஜப்பான் இம்போர்ட் ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கிறவங்களுக்காக இதை எழுதுறேன். ரெண்டு டூலைப் பத்தின ரிவ்யூ. ஒண்ணு, கார் வயரிங்குக்குன்னே வர்ற வயர் டிரேசர் கிட். இன்னொண்ணு, மில்லி ஆம்ப் வரைக்கும் காட்டுற டிசி கிளாம்ப் மீட்டர். ரெண்டையும் சொந்தக் காசுல வாங்கி மூணு வீக்எண்டு முழுக்க ஒரே கார்ல போட்டு உழைச்சாச்சு. பிராண்டு பேர் சொல்லல, இந்த வகைல எது வாங்கினாலும் வேலை செய்யிற விதம் ஒண்ணுதான், அதைப் புரிஞ்சுக்கிட்டாலே போதும்.

கார் 1994 நிசான் 180எஸ்எக்ஸ், எஸ்ஆர்20டெட் டர்போ இன்ஜின். (பேர்ல 180னு இருக்கிறது முதல்ல வந்த 1.8 லிட்டர் சிஏ18டெட் இன்ஜினால, 1991ல 2 லிட்டர் எஸ்ஆர்20 வந்தப்புறமும் அந்தப் பேரை அப்படியே வச்சுட்டாங்க.) எனக்கு முன்னாடி எத்தனை பேர் கைல இருந்துச்சோ, ஒவ்வொருத்தரும் ஏதாவது ஒரு பெட்டியை மாட்டி, அடுத்தவர் அதைப் பாதி கழட்டி, மிச்ச வயரை டாஷ்போர்டுக்குள்ள திணிச்சுட்டுப் போயிருக்காங்க. கார் என்கிட்ட வந்தப்போ அஞ்சு நாள் நிறுத்தினா பேட்டரி செத்துடும். சாவியைத் திருப்பினா ஒரு பொண்ணு குரல் ஜப்பானிய மொழியில ஏதோ சொல்லும், எங்கேர்ந்து வருதுன்னே தெரியாது. சாவியை எடுத்தாலும் இன்ஜின் ஒரு நிமிஷம் ஓடிக்கிட்டே இருக்கும். குறைஞ்ச ஆர்பிஎம்ல லேசா ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா சில நேரம் திணறும்.

முதல்ல நான் வாங்கினது டிரேசர். அது தப்பு இல்ல, ஆனா வரிசை தப்பு, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

டிரேசர் எப்படின்னா, ஒரு டிரான்ஸ்மிட்டர், ஒரு ரிசீவர். டிரான்ஸ்மிட்டரோட சிவப்பு கிளிப்பை சந்தேகப்படுற வயர்லயும் கறுப்பு கிளிப்பை பாடி எர்த்லயும் மாட்டணும், அது வயருக்குள்ள ஒரு சிக்னலை அனுப்பும், ரிசீவரோட மூக்கை அந்த வயர் போற பாதையில காட்டினா பீப் பீப்னு கத்தும், கார்பெட்டுக்கு அடியில இருந்தாலும் பிளாஸ்டிக் டிரிம்முக்குப் பின்னாடி இருந்தாலும் கேட்கும். கேட்கிறதுக்கு மந்திரம் மாதிரி இருக்கும். ஆனா ஸ்டீரிங்குக்கு அடியில முப்பது வயர் ஒரே கட்டா போற இடத்துல வச்சுப் பாருங்க, ஒரு வயர்ல போற சிக்னல் பக்கத்து வயர்லயும் தாவும், எல்லாமே கத்தும். சென்சிட்டிவிட்டி குமிழை நல்லா குறைச்சு, அந்த வயரோட ரெண்டு முனையையும் கழட்டி விட்டாத்தான் ஓரளவு பிரிச்சுச் சொல்லும். முனை எங்கயாவது எர்த்ல பட்டுக்கிட்டு இருந்தாலும் சத்தம் அமுங்கிடும். முதல் வீக்எண்டு முழுக்க நான் கட்டுக்குள்ள நோண்டி நோண்டிப் பார்த்தேன், ஒரு பலனும் இல்ல. எந்த வயரைத் தேடணும்னே தெரியாம டிரேசரைக் கையில எடுத்தா இப்படித்தான் ஆகும், ஒரு முனை நமக்குத் தெரிஞ்சிருக்கணும்.

ரெண்டாவது வாரம் கிளாம்ப் மீட்டர் வந்துச்சு. உண்மையான வேலை அப்பதான் ஆரம்பிச்சது.

இதுல பெரிய வசதி என்னன்னா பேட்டரி கேபிளைக் கழட்டவே வேண்டாம். மல்டிமீட்டரை சீரிஸ்ல போட்டுப் பார்க்கிறவங்களுக்குத் தெரியும், கேபிளைக் கழட்டி மாட்டுறப்போ கார்ல இருக்கிற சில பெட்டிகள் ரீசெட் ஆகி, திருடன் மாதிரி அமைதியாயிடும், மறந்துபோய் யாராவது கதவைத் திறந்துட்டா மீட்டர் ஃப்யூஸும் போயிடும். கிளாம்ப்ல வாயைத் திறந்து கேபிளைச் சுத்திக் கவ்வ விட்டா முடிஞ்சது. ராத்திரி பானட்டைத் திறந்து வச்சு, கதவு ஓரத்துல இருக்கிற லைட் சுவிட்சை அமுக்கி வச்சு கதவு மூடியிருக்கிற மாதிரி ஏமாத்தி, இருபது நிமிஷம் காத்திருந்து நெகட்டிவ் கேபிள்ல மாட்டினேன். கார் சும்மா நிக்கிறப்பவே 210 மில்லி ஆம்ப் இழுக்குது. இந்த வயசு கார்ல 20, 30 இருந்தா சரி, 50 தாண்டினாலே தேடணும். 210னா ஒரு நாளைக்கு 5 ஆம்ப் ஹவர் போகுது, 36 ஆம்ப் ஹவர் பேட்டரி அஞ்சாவது நாள் ஸ்டார்ட் பண்ண எங்கேர்ந்து பலம் வரும்?

அப்புறம் உள்ள இருக்கிற ஃப்யூஸ், பானட்டுக்கு அடியில இருக்கிற சின்ன ஃப்யூஸ், எல்லாத்தையும் ஒண்ணொண்ணாப் பிடுங்கினேன். எல்லாம் போனப்புறமும் 186 நிக்குது! அந்த இடத்துல எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, ஏன்னா அதுக்கு ஒரே அர்த்தம்தான், யாரோ ஃப்யூஸ் பாக்ஸைத் தொடாமலே நேரா பேட்டரியிலிருந்தோ இக்னிஷன் சுவிட்சுக்கு வர்ற மெயின் வயர்லருந்தோ கரண்ட் எடுத்திருக்காங்க. பாசிட்டிவ் டெர்மினல்ல பார்த்தா கம்பெனி கேபிளுக்கு நடுவுல ஒரு ஒல்லியான சிவப்பு வயர், வேற தினுசு ரிங் டெர்மினலோட. கிளாம்பை அதுல மட்டும் மாட்டினா 165. ஸ்டீரிங்குக்கு அடியில இக்னிஷன் சுவிட்ச் வயர்ல ஒட்டியிருந்த இன்னொரு கிளைல 21. ரெண்டும் சேர்ந்தா அந்த 186. நாள் கணக்காத் தேடினது பத்து நிமிஷத்துல பிடிபட்டுடுச்சு.

இப்பதான் டிரேசருக்கு வேலை. சிவப்பு வயரை பேட்டரியிலேர்ந்து கழட்டி டிரான்ஸ்மிட்டரை மாட்டினேன், ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற தகடு) ரப்பர் வழியா உள்ள போறது தெரிஞ்சது, அதுக்கப்புறம் கார்பெட்டுக்கு அடியில. அண்ணன் ரிசீவரை எடுத்துக்கிட்டு பின்னாடி போனாரு. டோர் சில் பிளாஸ்டிக்கைத் தொட்டா பீப், சீட்டு பக்கத்துல பீப், அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. "டேய், இங்க கத்துது, இடது பக்க டிரிம்முக்குள்ள"ன்னாரு. "எங்கண்ணா, டெயில் லைட்டுகிட்டயா?" "இல்ல, அதுக்கும் முன்னாடி, வீல் ஆர்ச்சுக்கு மேல." டிரிம்மைக் கழட்டினா, ஒரு அலுமினிய பெட்டி, தூசு படிஞ்சு, தொட்டா வெதுவெதுன்னு சூடா இருக்கு. ஜப்பான்ல அந்தக் காலத்துல நேவிகேஷனோட சேர்த்து மாட்டுற அனலாக் டிவி டியூனர்.

ஜப்பான்ல பெரும்பாலான இடங்கள்ல அனலாக் டிவி ஒளிபரப்பு 2011 ஜூலை 24ஓட நின்னுபோச்சு. டிவி ஸ்கிரீனும் ஹெட் யூனிட்டும் கார்லருந்து எப்பவோ போயாச்சு, ஆனா கழட்டினவங்க டியூனரை ஆன் பண்ற வயரை நிரந்தர பவர் வயரோட முறுக்கி டேப் சுத்தி விட்டுட்டாங்க. அதனால சாவி இருந்தாலும் இல்லாட்டியும் ராத்திரி பகலா அது ஓடிக்கிட்டே இருந்திருக்கு, இல்லாத சேனலைத் தேடிக்கிட்டு.

அதைவிட முக்கியமான விஷயம் சீட்டுக்கு அடியில இருந்துச்சு. அந்தச் சிவப்பு வயர்ல ஒரு முனையிலருந்து இன்னொரு முனை வரைக்கும் ஒரு ஃப்யூஸ்கூட இல்ல. சீட் ரெயில் ஓரமா போற இடத்துல, சீட்டை முன்ன பின்ன தள்ளித் தள்ளி இன்சுலேஷன் தேய்ஞ்சு, நகத்தளவு செம்பு பளபளன்னு தெரிஞ்சது. இன்னும் கொஞ்சம் தேய்ஞ்சு இரும்புல பட்டிருந்தா பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியரை அந்த ஒல்லி வயருக்குள்ள தள்ளியிருக்கும், கார்பெட்டுக்கு அடியில நெருப்பு. பேட்டரி சாகுது பேட்டரி சாகுதுன்னு நான் புலம்பினது எவ்வளவு சின்ன விஷயம்னு அப்ப தெரிஞ்சது. பழைய இம்போர்ட் வச்சிருக்கிறவங்க கார் நல்லா ஓடினாலும் சரி, பேட்டரி பாசிட்டிவ்லருந்து கம்பெனி போடாத வயர் ஏதாவது போகுதான்னு இன்னிக்கே பாருங்க, ப்ளீஸ்.

மத்ததெல்லாம் சீக்கிரம் முடிஞ்சது. 21 மில்லி ஆம்ப் குடிச்சது பழைய ரிமோட் ஸ்டார்ட்டர் ரிசீவர், ரிமோட்டே கிடையாது. அதை, வயரை வெட்டாம கிளை எடுக்கிற நீல கலர் கனெக்டர் வச்சு மெயின் வயர்ல கடிக்க விட்டிருந்தாங்க, கனெக்டரைத் திறந்தா வயரோட பாதி இழை அறுந்து, மிச்சம் பச்சை பூத்துக் கிடக்கு. ஜப்பானிய குரல் யாருன்னா ஈடிசி யூனிட், அங்க ஹைவே டோல்ல நிக்காம போறதுக்கு மாட்டுற பெட்டி, கார்டு போடலன்னு தினம் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. குளோவ் பாக்ஸுக்குப் பின்னாடி டபுள் டேப்ல ஒட்டியிருந்துச்சு. சாவி எடுத்தும் இன்ஜின் ஓடினது டர்போ டைமர், எச்கேஎஸ், ஏபெக்ஸி மாதிரி கம்பெனிகள் வித்த வகைதான், டர்போ சூடா இருக்கிறப்ப சட்டுன்னு ஆயில் நிக்கக்கூடாதுன்னு கொஞ்ச நேரம் ஓட விடும். டைமர் மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா ஹேண்ட்பிரேக்கை விட்டா இன்ஜினை நிறுத்தணும்னு அதுல ஒரு வயர் இருக்கும், அதை யாரோ நேரா எர்த்ல கட்டி வச்சிருந்தாங்க, அதாவது சாவியே இல்லாம கியர் போட்டு ஓட்டிக்கிட்டுப் போகலாம். நல்லவேளை டைமர் ஹார்னஸ் இக்னிஷன் கனெக்டருக்கு நடுவுல சொருகுற மாதிரிதான் வரும், பிடுங்கிட்டு கம்பெனி கனெக்டரை ஒண்ணோட ஒண்ணு மாட்டியாச்சு.

இடது கிக் பேனலுக்குள்ள (கால் வைக்கிற இடத்தோட பக்கச் சுவர்), ஈசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர் பக்கத்துல ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, ஜப்பான் கார்ல வர்ற 180 கிலோமீட்டர் லிமிட்டை ஏமாத்த ஸ்பீடு சிக்னலைத் திருத்தி அனுப்புறது. அதையும் எடுத்தேன். அதே இடத்துல ஏர்ஃப்ளோ மீட்டர் சிக்னல் வயரை வெட்டி, எப்பவோ இருந்த ஃப்யூயல் கன்ட்ரோலரைக் கழட்டி, வெறும் கையால முறுக்கி டேப் சுத்தியிருந்தாங்க. இன்ஜினுக்குள்ள எவ்வளவு காத்து வருதுன்னு ஈசியூவுக்குச் சொல்ற வயர் அது, லூஸா இருந்தா திணறாம என்ன செய்யும்? சோல்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் போட்டேன், திணறல் போயே போச்சு. இங்க டிரேசரை நான் தொடவே இல்ல, நீங்களும் தொடாதீங்க, ஈசியூ மாட்டியிருக்கிறப்ப சென்சார் வயருக்குள்ள சிக்னல் அனுப்புறது ஆபத்து. வயர் அறுபடாம இருக்கான்னு பார்க்க சாதாரண மல்டிமீட்டர் கண்டின்யூட்டி போதும். ஏர்பேக் உள்ள கார்னா மஞ்சள் ஸ்லீவ், மஞ்சள் கனெக்டர் பக்கமே எந்த டூலையும் கொண்டு போகாதீங்க.

டூல்ல குறைன்னா, கிளாம்ப் மீட்டர் ரொம்ப ரோஷக்காரன். சும்மா கையில திருப்பினாலே பத்து மில்லி ஆம்ப் மாறுது, ஒவ்வொரு தடவையும் அளக்கப்போற இடத்துலயே, அதே சாய்வுல பிடிச்சு ஜீரோ பண்ணிட்டுத்தான் கேபிளைக் கவ்வ விடணும். தானா ஆஃப் ஆகுறது இன்னொரு தொல்லை, காத்திருந்து பார்க்கிற வேலைல மீட்டர் தூங்கிப்போனா மறுபடி ஜீரோவிலேர்ந்து ஆரம்பம். டிரேசர்ல கிளிப் பிடிமானம் போதாது, ஒல்லி வயர்ல நழுவிடுது, ஹெட்போன் ஓட்டையும் இல்ல, ரோட்டோரமா வேலை பார்த்தா சத்தம் கேட்காது.

வாங்குறதுன்னா முதல்ல கிளாம்ப் மீட்டர். எது திருடுதுன்னு அது காட்டும், திருடன் வீடு எங்கன்னு டிரேசர் காட்டும். ரெண்டாவதை யார்கிட்டயாவது இரவல் வாங்கினாலும் சமாளிக்கலாம்.

எல்லாம் எடுத்தப்புறம் மீட்டர்ல 24. பன்னெண்டு நாள் தொடாம நிறுத்தி வச்சேன், முதல் திருப்புலயே பிடிச்சுக்கிச்சு. கழட்டின வயரையெல்லாம் குவிச்சுப் பார்த்தா ஒரு பெரிய பை நிறைய. ஒரே ஒரு ரோஸ் கலர் வயர் மட்டும் பாக்கி, ஏ பில்லர் (முன் கண்ணாடி ஓரத்துத் தூண்) வழியா ரூஃப் லைனிங்குக்குள்ள போகுது, வோல்டேஜ் இல்ல, கண்ணாடி பக்கம் போறப்ப டிரேசர் சத்தமும் நின்னுடுது. முனையில ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடி, தேதி எழுதி ஒட்டி வச்சிருக்கேன், அடுத்த தடவை லைனிங்கைக் கழட்டுறப்ப பார்க்கணும்.