ஸூம் எச்1என்: பெரியவர்கள் பேச்சைப் பதிந்து வைக்க ஏற்றதா?

மலேசியாவின் கேரித் தீவில் மா மெரி என்ற பழங்குடி மொழி பேசும் முதியவர், மலாக்கா காஜா பெராங்கில் சிட்டி சமூகத்தாரின் சிட்டி மலாய் பேசும் பாட்டி, பெரட்டு, லயம், கங்காணி என்று தோட்டத் தொழிலாளர் பேச்சிலேயே வளர்ந்த தாத்தா. இவர்களிடம் கைப்பேசியை நீட்டிப் பதிவதைவிட, கோலாலம்பூரிலிருந்து கிளம்பும்போதே ஒரு நல்ல பதிவுக் கருவியை எடுத்துச் செல்வது நல்லது. அதே பேச்சை மறுபடி கேட்டு வாங்க வாய்ப்பு அமையாமலே போகலாம். சட்டைப்பையில் அடங்கும் ஸூம் நிறுவனத்தின் எச்1என் பதிவுக் கருவி இதற்குத் தாராளமாகப் போதும், அமைப்புகளை நாமே சரிசெய்துகொண்டால்.

கோப்பு வகை, ஒலியைச் சுருக்காமல் பதியும் வேவ், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். எம்பி3 வேண்டவே வேண்டாம். காதுக்கு எட்டாது என்று கணக்கிட்ட ஒலிகளைக் கழித்துத்தான் அது கோப்பைச் சுருக்குகிறது. கழித்தது திரும்பாது. வேவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகும். 32 ஜிபி மெமரி கார்டில் சுமார் 30 மணி நேரம் பதியலாம். கொள்ளளவைக் கூட்டிக் காட்டும் போலிக் கார்டுகளும் புழங்குவதால், வாங்கிய அன்றே கார்டு முழுவதையும் நிரப்பிப் படித்துச் சோதித்துவிடுங்கள்.

தானியங்கி ஒலியளவை அணைத்துவிடுங்கள். பாட்டி யோசிக்க நிறுத்தும் இடத்தில் அது மின்விசிறி இரைச்சலை மேலே தூக்கும், அவர் பேசத் தொடங்கியதும் கீழே இறக்கும். எந்தச் சொல்லை அழுத்திச் சொன்னார் என்பதே பிறகு தெரியாது. முன்பக்கச் சக்கரத்தைத் திருப்பி, உரத்த பேச்சு மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி வைத்தால் சரி. தாழ்ந்த சுருதி ஒலிகளைக் கழிக்கும் லோ கட் வடிகட்டியையும் தொடாதீர்கள். கணினியில் எப்போது வேண்டுமானாலும் அதைப் போட்டுக்கொள்ளலாம். பதிவிலேயே போட்டுவிட்டால் எடுக்க முடியாது.

இரைச்சலுக்கு ஏன் இத்தனை பயம்? மா மெரி போன்ற ஓராங் அஸ்லி (மலேசியத் தீபகற்பப் பழங்குடியினர்) மொழிகளில் சொல் முடியும் இடத்தில் ப், த், க் வெடிப்பதில்லை. காற்று அடைபடுவதோடு நின்றுவிடும். மூன்றையும் பிரித்துக் காட்டுவது அதற்கு முன் வரும் உயிரொலியின் கடைசி வளைவுதான். விசிறி ஓடினால் அந்த வளைவு கரைந்துவிடும். விசிறி, ஏர்கான் இரண்டையும் நிறுத்துங்கள். தகரக் கூரையில் மழை பிடித்தால் நிறுத்திவிட்டுத் தேநீர் குடிப்பதே மேல்.

எச்1என்னின் பெரிய குறை அதன் பிளாஸ்டிக் உடல். கையில் பிடித்தால் விரல் அசைவுகூட உள்ளே விழும். பின்புறத் திருகில் சிறு முக்காலி மாட்டி, மடித்த துண்டின்மேல், வாயிலிருந்து 20, 30 சென்டிமீட்டரில், சற்றே பக்கவாட்டில் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் ஒவ்வொரு பகரமும் காற்றாக மோதும். நுரை உறை தனியாக வாங்கியே ஆகவேண்டும்.

இரண்டு டிரிபிள் ஏ பேட்டரிகள் ஏறத்தாழ 10 மணி நேரம் தாங்கும். நெடுநாள் கழற்றி வைத்தால் தேதி போய்விடும். ஆகவே பதிவின் தொடக்கத்திலேயே நாள், ஊர், மொழி, பேசுபவரின் ஒப்புதல் நான்கையும் வாயால் சொல்லிவிடுங்கள். நான்காவது மிக முக்கியம். அது இல்லாத பதிவை யாருக்கும் கொடுக்கவே கூடாது.

2024இல் வந்த அதே நிறுவனத்தின் எச்1எசென்ஷியலில், உரத்த ஒலியையும் மெல்லிய ஒலியையும் ஒருசேரப் பதியும் 32 பிட் ஃபுளோட் முறை இருக்கிறது. ஒலியளவு பார்க்கும் வேலையே இல்லை. திடீரென்று சிரிப்பவரையும் பாடுபவரையும் பதிய அதுதான் வசதி, கோப்பு மட்டும் கொஞ்சம் பெருக்கும். புதிதாக வாங்குபவர் அதையே வாங்கலாம். எச்1என் கையில் இருப்பவர் மாற்றத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு இடங்களில் நகல் எடுத்த பிறகே கார்டை அழியுங்கள். எழுதி எடுக்க ஈலான் என்ற இலவச மென்பொருள் போதும். நம்மூர் முத்து நெடுமாறனின் அஞ்சல் விசைப்பலகையில் தட்டும் தமிழை அது அப்படியே ஏற்கும். கோப்பின் பெயரை மாற்றுவதென்றால் ஈலானில் சேர்ப்பதற்கு முன்பே மாற்றுங்கள். பிறகு மாற்றினால் ஒலிக்கோப்பு எங்கே என்று அது தேடி நிற்கும்.